இரண்டு பிரேக் உள்ள கார்

பெட்டியின் மேல் பத்து நிமிடம் என்று போட்டிருந்தது.
மெக்கானிக் வேண்டாம், நீங்களே பொருத்தலாம்.
சிவப்பு வயர் பேட்டரியின் கூட்டலுக்கு,
கறுப்பு கழித்தலுக்கு,
மற்றதை இருபக்கமும் ஒட்டும் டேப் பார்த்துக்கொள்ளும்.

ஊருக்குப் பெயர் மிச்சம்.
எங்கள் தெருவிலோ ஒரே மாதத்தில்
மிச்சமில்லாமல் மூன்று கார் போயிருந்தது.
எனக்கு இந்த ஒரு கோர்சாதான் தொழில்:
கூரையில் சிவப்பு எல்,
பக்கத்துச் சீட்டில் என் காலடியில்
இரண்டாவது பிரேக், இரண்டாவது கிளட்ச்,
பின்னால் வருவதைப் பார்க்க
எனக்கென்று ஒரு குட்டிக் கண்ணாடி.

பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு
ஒரு மணி நேரம் தூறலில் நின்றேன்.
மூன்று மணிப் பாடத்துக்கு வந்த பத்மலோசினி அக்கா
கைப்பையை மதிலில் வைத்தார்,
குடையை என்னிடம் தந்தார்.
காது கேட்கும் கருவி செய்யும் ஃபேக்டரியில்
பதினாறு வருடமாக
அரிசியை விடச் சின்னப் பாகங்களுக்கு
ஈயம் பற்றவைக்கிற கை.
ஒன்பது நிமிடம்.
"மிச்ச நிமிஷத்தை நீங்களே வச்சிருங்கோ" என்று சிரித்தார்.
பிறகு சாரதி சீட்டில் ஏறினார்.
அதே கை நடுங்கத் தொடங்கியது.

ஐந்து தடவை டெஸ்ட்.
ஐந்து தடவையும் விழுந்தது ரிவர்ஸ் பார்க்கிங்கில்.
வெள்ளைக் கோடு கண்ணில் பட்டால் போதும்,
வீட்டுக்காரரின் குரல் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிடும்.
அவரிடம் ஒரு மெர்சிடிஸ் இருக்கிறது.
சாவி தலையணைக்குக் கீழே தூங்கும்.
அதற்கு அலாரம் தேவையில்லை.

என் அலாரமோ
நரி பானட்டில் ஏறினால் அலறியது,
குப்பை லாரிக்கு அலறியது,
யாரோ தும்மியதற்கும் என்று நினைக்கிறேன்.
எதிர்வீட்டு டெரிக் வைப்பரில் கடிதம் சொருகினார்.
முதல் கடிதத்தில் 'தயவுசெய்து' இருந்தது.
மூன்றாவதில் இல்லை.

வியாழன் இரவு தெரு நன்றாகத் தூங்கியது.
விடிந்து பார்த்தால்
நனைந்த தெருவில்
ஒரு காரின் அளவுக்குக் காய்ந்த நிலம்.

போலீஸ்காரி கேட்டாள்: அலாரம் இருந்ததா?
இருந்தது.
அடித்ததா?
போன வாரம் பதினோரு தடவை.
நேற்று?
பேனாவை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள்.

அன்றிரவு படுக்கையில்
என் வலது கால் தானாக அழுத்திக்கொண்டிருந்தது.
எங்கோ ஒரு வளைவில் எவனோ ஒருவன்
வேகம் குறைக்காமல் திரும்புகிறான்,
பக்கத்துச் சீட்டில் நான் இல்லை.
மெல்ல, மெல்ல, கண்ணாடியைப் பார் என்று
இருட்டுக்குப் பாடம் நடத்தினேன்.

சனிக்கிழமை கிடைத்தது.
டெஸ்ட் சென்டருக்குப் பின்னால் கார் நிறுத்தும் திடல்.
இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே
பின்பக்கமாக விட்டிருந்தது.
இரு பக்கமும் ஒரே இடைவெளி,
சக்கரம் நேராக,
ஹேண்ட்பிரேக் மேலே, கியர் நியூட்ரலில்.
ஒரு மைனர் கூடப் போட முடியாது.
சில்லறை டப்பா அப்படியே இருந்தது.
போலீஸ்காரி கதவைத் தொட்டாள்.
அலறியது.

பூட்டிவிட்டு,
அலாரத்தையும் போட்டுவிட்டுப் போன திருடனை
தன் சர்வீஸில் கண்டதில்லை என்றாள்.

பெட்டிக்குள் ரிமோட் இரண்டு வந்திருந்தன.
ஒன்று என் கையில்.
மற்றது உதிரிச் சாவியோடு வாசல் ஆணியில்,
பாடத்துக்கு வருகிறவர்கள்
சப்பாத்து மாட்ட நிற்கும் இடத்தில்.
யார் மேலாவது சந்தேகம் உண்டா?
இல்லை என்றேன்,
எந்தக் கண்ணாடியையும் பார்க்காமல்.

சாரதி சீட்
ஸ்டியரிங்கோடு ஒட்டுமளவுக்கு
முன்னால் இழுபட்டிருந்தது.
முழங்கால் இடிக்க இடிக்க
வீடுவரை அப்படியே ஓட்டி வந்தேன்.
செவ்வாய் காலை ஆறாவது டெஸ்ட்.
அதுவரை அதை நகர்த்துவதாக இல்லை.